பங்கிலாபம் செலவினம் அல்ல

எங்கள் மிளகாய்த்தூள் கம்பனிக்கு நாங்கள் மூன்று பெண்கள் பணிப்பாளர்கள். கணினியில் கணக்குப் பதிவது என் பொறுப்பு. முதல் வருடம் பங்கிலாபத்தைச் சம்பளத்தோடு சேர்த்துச் செலவினமாகப் பதிந்துவிட்டேன். இலாபம் குறைவாகத் தெரிந்தது. அரைக்கும் மெசினுக்குக் கேட்ட கடனை வங்கி மறுத்தது. காணியை ஈடுவைக்கத் துணிந்திருந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

பங்கிலாபம், வரி போக மிஞ்சிய இலாபத்திலிருந்து வருவது சகோதரிகளே. அறிவித்த நாளில் நிறுத்திவைத்த இலாபத்தை வரவு வைத்து, செலுத்தவேண்டிய பங்கிலாபத்தைச் செலவு வையுங்கள். (ஏட்டின் வலப்பக்கச் 'செலவு' வேறு, செலவினம் வேறு. நான் தடுமாறியதும் அங்கேதான்.) காசு கொடுக்கும் நாளில் செலுத்தவேண்டியதை வரவு வைத்து, வங்கியையும் கழித்த நிறுத்திவைத்தல் வரியையும் செலவு வைக்கவேண்டும். கொடுத்தபின்னும் கம்பனி கடன்களைத் தீர்க்க வல்லது என்று பணிப்பாளர்கள் முன்கூட்டியே கையெழுத்திடவும் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அப்படி.

கணக்கைத் திருத்தி, கடனுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறோம்.