நாற்பதில் ஒன்று

ஒருவர் வீட்டுப் புத்தக அலமாரியைப் பார்த்தே அவருடைய ரசனையை எடைபோட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. திருக்குறள் உரைக்குப் பக்கத்தில் ஒரு துப்பறியும் நாவல், தி. ஜானகிராமனுக்குக் கீழே சமையல் குறிப்பு, அதற்கும் கீழே அட்டை கிழிந்த ‘வள்ளி திருமணம்’ நாடகப் புத்தகம், ஓரமாக ஷேக்ஸ்பியர் என்று இருந்தால், ‘இவருக்கு எது நல்ல புத்தகம் என்று தெரியவில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். தேர்ந்தெடுத்து, வேண்டாததைக் கழித்து, வகை பிரித்து அடுக்கியதுதான் படித்தவரின் அலமாரி என்று நினைக்கிறோம். இந்த நினைப்பை நான் ஏற்கவில்லை. இலக்கியத்தில் எல்லாவற்றையும்விட எளிதாகத் தொலைந்துபோகிற வகை நாடகம். அதைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்தவர்கள் பலமுறை கைவிட்டிருக்கிறார்கள். கலந்து கட்டிச் சேர்த்த தனிமனிதர்கள் பலமுறை காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1602இல் திறக்கப்பட்ட பாட்லியன் நூலகத்தை நிறுவிய சர் தாமஸ் பாட்லி புத்தகத்தின் அருமை தெரியாதவர் அல்ல. பணத்தையும் ஓய்வுக்காலத்தையும் அதற்கே கொடுத்தவர். தாங்கள் அச்சிடும் நூல்களில் ஒவ்வொரு படியை நூலகத்துக்குத் தர வேண்டும் என்று லண்டன் அச்சக, புத்தக வணிகர் சங்கத்தோடு 1610இல் உடன்படிக்கையும் செய்துகொண்டார். அந்த வழியாக நாடகங்களும் உள்ளே நுழைந்துவிடுமே என்பதுதான் அவருடைய கவலை. பஞ்சாங்கம், நாடகம் முதலிய அன்றாடச் சில்லறை அச்சுகளைச் சேர்க்க வேண்டாம் என்று 1612இல் தன் நூலகர் தாமஸ் ஜேம்ஸுக்கு எழுதினார். நாடகங்களில் சில வைத்துக்கொள்ளத் தக்கவையாக இருக்கலாம், ஆனால் நாற்பதில் ஒன்று தேறுவதே அரிது என்பது அவர் போட்ட கணக்கு. அப்போது ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தார். ‘ஹாம்லெட்’டும் ‘லியர் மன்ன’னும் மெல்லிய மலிவுப் புத்தகங்களாக அச்சாகியிருந்தன. பாட்லியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், ஆனால் அது நியாயம் ஆகாது. நாற்பதில் முப்பத்தொன்பது சாதாரணமானவை என்ற கணக்கு சரியாகவேகூட இருக்கலாம். மிஞ்சிய அந்த ஒன்று எது என்பதை அச்சான சூட்டோடேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியதில்தான் அவர் சறுக்கினார். அந்த ஒன்றை அடையாளம் காட்டக் காலம் தேவை. அதுவரைக்கும் நாற்பதையும் யாராவது வைத்திருக்க வேண்டும்.

அப்படி வைத்திருந்தவர்களில் ஒருவர் அதே ஊரிலேயே இருந்தார். மனச்சோர்வைப் பற்றி 1621இல் பெரும் நூல் எழுதிய ராபர்ட் பர்ட்டன் கல்லூரி அறையில் தனியாக வாழ்ந்தவர். இறையியலோடு மருத்துவம், பயணக் குறிப்பு, நகைச்சுவைத் துணுக்கு, நாடகம் என்று எதையும் விடாமல் வாங்கியவர். 1640இல் அவர் இறந்தபோது, தன் புத்தகங்களில் பாட்லியனிடம் இல்லாதவற்றை அந்த நூலகம் எடுத்துக்கொள்ளலாம் என்று உயில் எழுதி வைத்திருந்தார். பாட்லி வாசலிலேயே தடுத்து நிறுத்திய சில்லறைப் புத்தகங்களில் பல இப்படித்தான் நூலகத்துக்குள் போயின. ஷேக்ஸ்பியரின் கதை இதைவிடக் கூர்மையானது. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டல் என்ற இரண்டு சக நடிகர்கள் அவருடைய 36 நாடகங்களைத் திரட்டி 1623இல் ஒரே பெருநூலாக வெளியிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி அதற்கு முன் அச்சேறாதவை. ‘மெக்பெத்’தும் ‘ஜூலியஸ் சீச’ரும் அந்தப் பாதியில் அடக்கம். உடன்படிக்கையின்படி ஒரு படி பாட்லியனுக்கு வந்தது, சங்கிலியிட்டு வைக்கப்பட்டது. 1660களில் புதிய பதிப்பு வந்ததும், பழையது எதற்கு என்று அதை விற்றுவிட்டார்கள். 1905இல் ஒரு மாணவர் தன் குடும்பத்துச் சேகரிப்பிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை நூலகத்துக்கு எடுத்து வந்தார். நூற்கட்டின் அமைப்பை வைத்து அது தங்களுடைய பழைய படியேதான் என்று நூலகத்தார் கண்டுகொண்டார்கள். அமெரிக்கர் ஒருவர் அதற்கு 3,000 பவுண்டு தர முன்வந்ததால், அதே தொகையைப் பொதுமக்களிடம் திரட்டி 1906இல் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. ‘வேண்டாதது’ என்று பெரிய நூலகம் கழித்ததை ஒரு குடும்பத்தின் அலமாரி பத்திரமாக வைத்திருந்தது.

நாடகத்துக்கு மட்டும் ஏன் இந்த விதி? காவியத்தைப் புலவர் எழுதி, மாணவர்கள் பாடம் கேட்டுப் படியெடுத்தார்கள். நாடகப் பிரதி நடிகர் குழுவின் தொழிற்கருவி. ஆட்டம் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்தது. இயல், இசை, நாடகம் என்று மூன்றாகத் தமிழைப் பிரித்துச் சொல்கிற நம்மிடம், மூன்றாவதன் பழைய நூல்கள் பெயரளவில்தான் இருக்கின்றன. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று கூத்து நூல்களைக் குறிப்பிடுகிறார். அந்த ஏடுகள் இன்று இல்லை. சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனும் இப்படிப் பெயராக மட்டுமே எஞ்சியிருந்தவர்தான். காளிதாசனே தன் ‘மாளவிகாக்னிமித்திர’த்தின் தொடக்கத்தில் மதிப்போடு பெயர் சொல்லும் அந்த முன்னோரின் நாடகம் ஒன்றுகூட நூற்றாண்டுக் கணக்கில் கண்ணில் படவில்லை. 1909இல், இன்றைய குமரி மாவட்டத்தின் பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்தில் எழுதிய ஒரு பனையோலைக் கட்டு சமஸ்கிருத அறிஞர் கணபதி சாஸ்திரியின் கைக்கு வந்தது. வேறு சில ஏடுகளும் சேர, பதின்மூன்று நாடகங்களைப் பாசனுடையவை என்று சொல்லி 1912 முதல் திருவனந்தபுரத்தில் அவர் பதிப்பித்தார். பதின்மூன்றும் பாசன் எழுதியவைதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாதிடுவதற்கு நூல் கையில் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

நம் காலத்துக்கு வந்தால், கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், 1992இல் மறையும்வரை சுமார் நாற்பது ஆண்டுகள் சேர்த்தார். புத்தகமும் இதழுமாக ஏறத்தாழ ஒரு லட்சம். செவ்விலக்கியப் பதிப்புகளும் சித்த மருத்துவமும் அதில் உண்டு. பெரிய எழுத்துக் கதைகள், குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், நாடக நோட்டீசுகளும் உண்டு. நாடக நோட்டீசை யார் சேர்ப்பார்கள்? தெருவில் கொடுத்ததை வாங்கி, ஆட்டம் பார்த்து முடித்ததும் எறிந்துவிடுகிற தாள் அது. ஆனால் எந்தக் குழு எந்த ஊரில் எந்தக் கதையை ஆடியது, யார் ராஜபார்ட், டிக்கெட் என்ன விலை என்பதற்கு அந்தத் தாளைவிட்டால் வேறு சாட்சி ஏது? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையை ஆராய வருகிறவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அதை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. உயர்ந்தது, தாழ்ந்தது என்று அவர் அன்றே பிரித்திருந்தால் உயர்ந்தவை மட்டும் இருந்திருக்கும். அவற்றில் பல வேறு நூலகங்களிலும் கிடைக்கும். கிடைக்காதவைதான் போயிருக்கும்.

ரசனை இல்லாமல் குவிப்பது வாசிப்பு ஆகாது என்பார்கள். இது தள்ளிவிட முடியாத மறுப்பு. எல்லாவற்றையும் ஒரே தரம் என்று சொன்னால் எதையும் படிக்கவில்லை என்றுதான் பொருள். ஆனால் அலமாரியில் பக்கத்தில் வைப்பது சமமாக மதிப்பது ஆகாது. ரசனை ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் வளர்கிறது, ஒப்பிட இரண்டு புத்தகங்கள் வேண்டும். ‘ஹாம்லெட்’ மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஓர் ஆங்கில நாடகம். பக்கத்திலேயே பம்மல் சம்பந்த முதலியாரின் ‘அமலாதித்தன்’ இருந்தால், எந்த இடத்தில் தமிழ்ப் பார்வையாளருக்காகக் கதை வளைந்தது, எது வளையாமல் முரண்டு பிடித்தது என்பது தெரியவரும். இரண்டில் எது பெரிய படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்த குடும்பத்தவரை மேடையேற வைத்த ஒருவர் ஷேக்ஸ்பியரை எப்படிப் படித்தார் என்பதை அந்தச் சிறிய புத்தகம்தான் சொல்லும். சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீய’த்துக்கும் அது வேர் எடுத்த லிட்டன் பிரபுவின் கதைப்பாட்டுக்கும் இதே பொருந்தும்.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, வீட்டில் இடத்தை அடைப்பானேன் என்பது அடுத்த கேள்வி. சிறிய வீடுகளில் வாழ்பவர்களுக்கு இடம் உண்மையான பிரச்சினைதான்; ஒவ்வொருவரும் லட்சம் புத்தகம் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் மின்வருடி எடுக்கவும் முதலில் ஒரு படி இருந்தாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஓரிடத்தில் குவித்தது ஓர் இரவில் போய்விடும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தமிழருக்கு இல்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ மின்தளத்தில் இன்று ஈழத்து நூல்களும் இதழ்களும் நாடகப் பிரதிகளும் கிடைக்கின்றன. எரியாமல் வேறு வேறு கைகளில் சிதறிக் கிடந்த படிகள் இல்லாமல் இப்படி ஒரு தளத்தை நிரப்ப முடியாது. பெரிய நிறுவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முத்தையாவின் சேகரிப்பும் ஒரு பல்கலைக்கழகம் கை கொடுத்திராவிட்டால் செல்லரித்திருக்கலாம். ஆனால் கை கொடுக்க அங்கே ஏதோ ஒன்று இருக்க வேண்டுமே.

கடைசியாக, நாடகம் பார்ப்பதற்கு, படிப்பதற்கு அல்ல என்ற பழைய வாதம். படிக்கும்போது குரலும் உடலும் வெளிச்சமும் இல்லாமல் போகிறது என்பது மெய்தான். ஆனால் மேடைக்காக அன்றிப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட ‘மனோன்மணீயம்’ 1891இல் வந்தது. தமிழ்நாட்டில் அரசு விழாக்களில் எழுந்து நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் முகப்பிலிருந்து எடுத்ததுதான். பாடலைத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் நாடகத்தைப் புரட்டியிருப்பார்கள் என்று கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கிறது. மேடை எப்போதும் திறந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1642இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. பதினெட்டு ஆண்டுகள் சட்டப்படி மேடை இல்லை. அந்தக் காலம் முழுவதும் பாட்லியனின் ஷேக்ஸ்பியர் பெருநூல் சங்கிலியோடு அங்கே இருந்தது. அந்தப் படியை இன்று திறந்தால், எந்தத் தாளை வாசகர்கள் அதிகம் தொட்டார்கள் என்று தேய்மானமே காட்டிவிடும். சில நாடகங்களின் தாள்கள் அவ்வளவாகக் கைபடாமல் இருக்கின்றன. ‘ரோமியோ ஜூலியட்’டில், மாடத்தில் நிற்பவளும் கீழே நிற்பவனும் பேசிக்கொள்ளும் இடத்தை அடுத்த பக்கம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது.