சிக்னல்ல நின்னா மட்டும் நடுங்குற வண்டி: ஐடிலிங் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

(ஒலி வடிவத்திலிருந்து தொகுத்து, சற்றே சுருக்கப்பட்டது)

நிறைய பேர் கேட்டிருந்த விஷயம் இது. ஓடும்போது வண்டி நல்லாத்தான் இருக்கு. சிக்னல்ல நின்னா மட்டும் நடுங்குது, ஆர்பிஎம் முள்ளு ஏறி இறங்குது, சில நேரம் ஆஃபே ஆயிடுது. பிளக் மாத்தியாச்சு, இன்ஜெக்டர் கிளீன் பண்ணியாச்சு. பணம் போச்சு, பிரச்சினை போகல. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களை வச்சுத்தான் இன்னிக்குப் பேசுறேன். டீசலுக்குக் கணக்கு வேற.

எது நார்மல்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். இன்ஜின் நல்லா சூடான பிறகு, ஏசி ஆஃப்ல இருக்கும்போது, பெரும்பாலான சின்ன கார்கள் 700-லிருந்து 850 ஆர்பிஎம்-க்குள்ள நிக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணதும் 1200, 1500 வரைக்கும் போறது கோளாறு இல்ல. சில நிமிஷத்துல தானா இறங்கணும், அவ்வளவுதான். ஏசி போட்டா முள்ளு ஒரு நொடி தடுமாறி, கொஞ்சம் மேல போய் நிக்கிறதும் சகஜம்.

அடுத்து, ஏன் ஐடில்ல மட்டும் பிரச்சினை வருது? ஆக்ஸிலேட்டர்ல கால் இல்லாதப்போ த்ராட்டில் பாடியில இருக்கிற பட்டர்ஃப்ளை கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் இழுக்கிற காத்து ரொம்பக் கொஞ்சம். அந்த நேரத்துல எங்கேயோ ஒரு ஹோஸ்ல சின்ன விரிசல் வழியா காத்து புகுந்தாலும், மொத்தக் காத்துல அது பெரிய பங்கு. 2500 ஆர்பிஎம்ல இன்ஜின் இழுக்கிற காத்து பல மடங்கு. அப்போ அதே விரிசல் கணக்குலயே வராது. "ஓடும்போது சரி, நின்னா தொல்லை" என்பதற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. "ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க"ன்னு சொல்றது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டியில ஐடிலை முடிவு பண்றது இசியு. த்ராட்டில் பாடியில ஒரு ஸ்க்ரூ தெரிஞ்சாலும், அது கம்பெனியில அளந்து வச்ச நிறுத்தம். அதைத் திருகினா, கால் எடுத்தாச்சான்னு இசியுவுக்கே குழப்பம் வரும். நோய் மறைஞ்சு நிக்கும், தீராது.

இப்போ நோய்க்குறிகளைப் பிரிச்சுப் பார்க்கலாம்.

ஒண்ணு, ஆர்பிஎம் குறைஞ்சு, பிரேக் போட்டு நிக்கும்போதோ ஏசி ஆன் ஆகும்போதோ ஆஃப் ஆகுது. முதல் சந்தேகம் பட்டர்ஃப்ளை ஓரத்துல படிஞ்ச கரி. பழைய வண்டின்னா ஐடில் ஏர் கண்ட்ரோல் வால்வும் அழுக்கேறி ஒட்டியிருக்கலாம்.

ரெண்டு, சூடான பிறகும் ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குது. ஃப்ளோர் மேட் பெடல்ல மாட்டியிருக்கா, ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. அடுத்து கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு அது தப்பாச் சொன்னா, இசியு வேகத்தை ஏத்தியே வைக்கும். திறந்தபடி மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டும் இதே வேலையைச் செய்யும்.

மூணு, முள்ளு ஏறி ஏறி இறங்குது. இதைத்தான் ஹன்டிங்னு சொல்றோம். பெரும்பாலும் காத்துக் கசிவு. வேகம் ஏறினதும், வண்டி இறக்கத்துல உருளுதுன்னு நினைச்சு இசியு பெட்ரோலை நிறுத்தும். வேகம் விழும். உடனே திருப்பிக் கொடுக்கும். இப்படியே சுத்தும்.

நாலு, "டக் டக்"னு விட்டு விட்டு மிஸ்ஸிங். இங்கதான் பிளக், இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படணும். முள்ளு அசையாம நிக்குது, ஆனா சீட்டும் ஸ்டியரிங்கும் அதிருதுன்னா, இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்க. இன்ஜின் ஒழுங்காத்தான் ஓடிட்டிருக்கும்.

காசு செலவில்லாத சோதனையில இருந்து ஆரம்பிங்க. பானட்டைத் திறந்து, இன்டேக் மேனிஃபோல்டுல இருந்து போற ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும், இன்ஜின் ஆஃப்ல, வளைச்சுப் பாருங்க. நம்ம ஊர் வெயில்லயும் இன்ஜின் சூட்டுலயும் ரப்பர் இறுகி, வளைவுலதான் வெடிக்கும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி "உஸ்"னு சத்தம் வருதான்னு கேளுங்க. ஃபேன், பெல்ட் பக்கம் கையோ சட்டையோ போகக் கூடாது. சந்தேகமான இடத்துல கொஞ்சம் சோப்புத் தண்ணி தெளிச்சு, ஐடில் மாறுதான்னு பாருங்க. கார்ப் கிளீனர் அடிச்சுப் பார்க்கிறவங்க உண்டு. சூடான இன்ஜின் மேல அது தீப்பிடிக்கும், வீட்டுல வேண்டாம்.

ஸ்கேனர் இருந்தா ஃபியூல் ட்ரிம்னு ஒரு எண்ணைப் பாருங்க. இசியு எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைச்சோ கொடுக்குதுன்னு அது சதவீதத்துல சொல்லும். ஐடில்ல +20, 2500 ஆர்பிஎம்ல +3ன்னா காத்துக் கசிவு. வேகம் ஏற ஏற எண்ணும் ஏறினா, பெட்ரோல் வரத்து குறைவு: பம்ப் அல்லது ஃபில்டர். ஒரு நுணுக்கம். காத்தின் அளவை நேரடியா அளக்காம, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிற வண்டிகள் நம்ம ஊர்ல நிறைய. அதுல கசிவு இருந்தா ட்ரிம் பெருசா மாறாது, ஐடில்தான் உயர்ந்து நிக்கும்.

என்கிட்ட வந்த ஒரு ஹேட்ச்பேக்குக்கு அதுக்கு முன்னாடியே பிளக், காயில் ரெண்டும் மாத்தியிருந்தாங்க. கடைசியில கோளாறு பிசிவி வால்வு ஹோஸோட அடிப்பக்கம் இருந்த விரிசல். கையால வளைச்சதும் தெரிஞ்சிடுச்சு. அந்த ஹோஸோட விலை, மாத்தின ஒரு காயிலோட விலையில சின்னப் பங்குதான்.

த்ராட்டில் பாடி கிளீன் பண்ணா, எலக்ட்ரானிக் வண்டிகள்ல பட்டர்ஃப்ளையை விரலால தள்ளாதீங்க, உள்ள இருக்கிற கியர் கெட்டுப்போகும். முடிஞ்சதும் ஐடில் ரீலேர்ன் செய்யச் சொல்லுங்க. கரி இருந்த காலத்துக் கணக்கையே இசியு வச்சிருக்கும், அதனால ஐடில் எகிறலாம். பேட்டரி மாத்தின பிறகு ரெண்டு நாள் ஐடில் தடுமாறுறதும் பெரும்பாலும் இதனாலதான்.

கடைசியா, தள்ளிப்போடக் கூடாத ஒண்ணு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஐடில் மாறினாலோ, பெடல் பக்கம் "உஸ்" கேட்டாலோ, பிரேக் பூஸ்டர் கசியலாம். சோதனை சுலபம். இன்ஜின் ஆஃப்ல பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க. மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா உள்ள இறங்கணும். இறங்கலைன்னா வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.

ஓடும்போது இன்ஜின் ஆஃப் ஆனாலும் பூஸ்டர்ல ஒண்ணு ரெண்டு மிதிக்கான வேக்யூம் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிச்சா அது தீர்ந்து பெடல் கல்லா இறுகிடும். ஒரே அழுத்தா மிதிச்சு ஓரம் கட்டுங்க. ஸ்டியரிங்கும் கனமாகும், பதறாதீங்க.

ஒர்க்‌ஷாப் போகும்போது "ஐடிலிங் சரியில்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. குளிர்ச்சியிலயா சூட்டுலயா, ஏசியோடவா, பிரேக்கோடவா, முள்ளு ஆடுதா நிக்குதா, இந்த நாலையும் எழுதிக் கொண்டுபோங்க. தேவையில்லாத பார்ட்ஸ் மாத்துறது பாதி அங்கேயே நின்னுடும். அடுத்த எபிசோடுல கூலன்ட் பத்திப் பேசலாம்.