பக்கம் இல்லாத கவிதைப் புத்தகம்

கனடா தேசத்து டொராண்டோ நகரில் 1984-ம் ஆண்டு ஒரு கவிதைத் தொகுதி வெளிவந்தது. நூறே பிரதிகள், ஒவ்வொன்றிலும் கவிஞரின் கையெழுத்து உண்டு. ஆனால், புரட்டிப் பார்க்க ஒரு பக்கம்கூடக் கிடையாது! புத்தகம் என்று வாங்கியது ஒரு பிளாப்பி தட்டு. அதை ஆப்பிள் கம்ப்யூட்டரில் செருகினால், திரையில் சொற்கள் நகரும், மறையும், வேறு உருவில் மறுபடி எட்டிப் பார்க்கும். இப்படிப் பன்னிரண்டு கவிதைகள்.

இந்த வேடிக்கையைச் செய்தவர் பாரி பிலிப் நிக்கல். 1944-ல் வான்கூவரில் பிறந்தவர். பொழுது போகாமல் யந்திரத்தோடு விளையாடிய ஆசாமி என்று எண்ணிவிடாதீர்கள். 1970-லேயே கனடாவின் கவர்னர் ஜெனரல் பரிசைப் பெற்றவர். மூன்று நண்பர்களுடன் கோஷ்டி சேர்த்துக்கொண்டு, தொண்டையை மட்டும் நம்பி மேடையில் ஓசைக் கவிதைகள் முழங்கியவர். அப்பேர்ப்பட்டவர், திரைக் கவிதைகளில் ஒன்றை 'மௌனமான ஓசைக் கவிதை' என்று குறித்திருக்கிறார். என்ன குறும்பு பாருங்கள்!

எந்தச் சொல் எங்கே தோன்றவேண்டும், எத்தனை நேரம் நிற்கவேண்டும் என்று பேஸிக் என்னும் கம்ப்யூட்டர் பாஷையில், வரிக்கு வரி நம்பர் போட்டு, அவரே கட்டளை எழுதினார். அங்கேயும் ஒரு விஷமம். தட்டைச் சுழலவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் படாத கவிதை ஒன்றை ஒளித்து வைத்தார். கட்டளை வரிகளைப் படிக்கும் ஆர்வம் உள்ளவருக்கு ஒரு குறிப்பு கிடைக்கும்: 1748-ம் வரிக்குப் போ!

1988-ல், நாற்பத்து மூன்றே வயதில், நிக்கல் காலமானார். சில வருஷங்களில் அந்த ரகக் கம்ப்யூட்டரும் கடையைவிட்டுப் போயிற்று. மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக ஒரு பதிப்புத் தயாரித்தார்கள். அதற்கும் காலம் முடிந்தது. பிரதி பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

ஜிம் ஆண்ட்ரூஸ் முதலான ஐந்து பேர் இதைச் சும்மா விடவில்லை. 2007-ல் நாலு விதமாக அந்தத் தொகுதியை இணையத்தில் ஏற்றினார்கள். ஓடும் எழுத்தைப் படம் பிடித்து வைத்தால் போதாதோ? படமும் வைத்தார்கள். ஆனால், கட்டளைக்குள் புகுந்து ஒளிந்ததைக் கண்டுபிடிக்கும் குஷி படத்தில் ஏது? ஆகவே பழைய புரோகிராமையே, பழைய ஆப்பிளைப் போல நடிக்கும் மென்பொருளில் ஓடும்படி கொடுத்தார்கள். 1748-ம் வரியும் அதில் இருக்கிறது.