பெயர் கூறாது பொறியைத் தேர்தல்

ஒரு பல்கலைக்கழகத்தில் ஆயிரம் கணிப்பொறிகள் உள்ளன என்று கொள்க. நீண்டதொரு கணக்கைச் செய்து முடிக்க அவற்றுள் எதனை அழைப்பது? ஆயிரம் பெயர்களையும் நினைவில் வைத்திருப்பார் எவருமிலர். வைத்திருப்பினும், எது பழுதுற்றது, எது ஓய்ந்திருக்கிறது என்பதைப் பெயர் காட்டாது. ஆதலின் பெயரை விடுத்து, இயல்பைக் கூறித் தொலைவிலுள்ள பொறியைத் தேரும் முறை தோன்றியது.

இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தில் உருவான 'காண்டோர்' என்னும் அமைப்பாகும். வேலையின்றிக் கிடக்கும் மேசைக் கணிப்பொறிகளைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பதே அதன் நோக்கம் என்பதை 1988-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுரை விளக்கிற்று. 2012 முதல் அது 'எச்.டி.காண்டோர்' என வழங்குகிறது.

ராஜேஷ் ராமன், மைரன் லிவ்னி, மார்வின் சாலமன் ஆகியோர் 1998-இல் விளக்கிய அதன் தேர்வு முறை, நாளிதழின் சிறு விளம்பரத்தை ஒத்தது. ஒவ்வொரு பொறியும் தன் நினைவகத்தின் அளவு, இயக்கமுறை, விசைப்பலகை தொடப்பட்டு எத்தனை நொடிகள் ஆயின என்பன போன்ற இயல்புகளை ஒரு நடுவிடத்திற்கு அறிவிக்கிறது. வழக்கமான அமைப்பில் 5 நிமிடங்களுக்கு ஒரு முறை இவ்வறிவிப்புப் புதுப்பிக்கப்படும். 15 நிமிடங்கள் புதுப்பிக்கப்படாவிடின் நீக்கப்படும். வேலையும் தன் தேவையை அவ்வாறே விளம்பரம் செய்கிறது. மணப்பேச்சில் இரு வீட்டாரும் இசைய வேண்டுமன்றோ? இங்கும் அப்படியே. "15 நிமிடங்களாக எவரும் விசைப்பலகையைத் தொடாதிருந்தாலன்றி அயலார் வேலையை ஏற்பதில்லை" என்று பொறிக்கு உரியவர் விதிக்கலாம்.

பொறிகளை மேற்பார்ப்பவரும் இவ்வறிவிப்புகளை வினவலாம். ஆனால் வினாவில் சிறு பிழை நேரினும் விடை முழுதும் பிழையாகும். நினைவகம் இங்கு மெகாபைட் அளவில் குறிக்கப்படுகிறது. 8 கிகாபைட்டை மனத்திற் கொண்டு "நினைவகம் 8-க்கு மேல்" என வினவினால், ஏறத்தாழ எல்லாப் பொறிகளும் தேறிவிடும். பிழை நேர்ந்தது என்று எச்சரிக்கை எதுவும் வாராது.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. ஆசிரியர் ஒருவர், "வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்கிறார். அன்று பள்ளிக்கு வாராத மாணவன் எழுந்து நிற்கமாட்டான். அதனால் அவன் எழுதிவிட்டான் என்று ஆகுமா? ஆகாது. காண்டோர் அமைப்பில் 'ஆம்', 'அன்று' என்னும் இரண்டோடு 'வரையறுக்கப்படாதது' என்னும் மதிப்பும் உண்டு. ஓர் இயல்பைப் பொறி அறிவிக்காவிடில், அதைப் பற்றிய வினாவிற்கு இம்மூன்றாம் மதிப்பே கிடைக்கும். வினாவை எதிர்மறையாக மாற்றினும் அம்மதிப்பு மாறாது. அப்பொறி இரண்டு பட்டியலிலும் இடம்பெறாது.

பாதுகாப்புத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதைப் பொறிகள் அறிவிக்குமாறு ஒருவர் அமைத்தார் எனக் கொள்வோம். "திருத்தம் செய்யப்படாதவை எவை?" என்று வினவுகிறார். பட்டியல் வெறுமையாக வருகிறது. எல்லாம் நலமென்று அவர் இருந்துவிட்டால், அறிவிப்பே தாராத பொறிகள் காவலின்றிக் கிடக்கும். ஆகவே, "இவ்வியல்பை அறிவிக்காதவை எவை?" என்றும் தனியே வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவுவதற்குரிய குறியீடும் அவ்வமைப்பில் உண்டு.

வேலைக்குப் பொறி ஒன்றும் பொருந்தாவிடின், எந்த நிபந்தனைக்கு எத்தனை பொறிகள் தேறின என்று பகுத்துக் காட்டும் கட்டளையும் அதில் உள்ளது. நல்ல வினவுமுறைக்கு இதுவே இலக்கணம்: அளவையைத் தெளிவாகக் கூறுதல், தெரியாததை 'இல்லை' என்று கொள்ளாதிருத்தல், விலக்கியதற்குக் காரணம் காட்டுதல். மௌனத்தை விடையெனக் கொள்ளாதவரே பொறிகளைப் பிழையின்றித் தேர்வார்.