சின்னக் கோச்சிக்குச் சிவப்பு விளக்கு

மடவளையில் எமது தையல் வகுப்புக்கு வரும் ராத்தா ஒருவரின் பேரனுக்கு, ஜேர்மனியிலுள்ள உறவினர் டிஜிட்டல் விளையாட்டுக் கோச்சி ஒன்றை அனுப்பியிருந்தார். அதை ஒரு பலகையில் பொருத்தி, மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையான பாதையாக்கினான். கடதாசி மட்டையில் செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார் நிலையங்களை எம் பெண்கள் செய்து கொடுத்தார்கள்.

ராத்தா மன்னார்க்காரி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையோடு வந்தவர். அந்தப் பாதையில் கோச்சியும் 1990இல் நின்றுபோய், 2015 மார்ச்சில்தான் மீண்டும் தலைமன்னாரைத் தொட்டது.

நிலையங்களுக்குச் சிவப்பு, பச்சை விளக்குப் போட ராத்தாவைக் கேட்டேன். தையலில் அவருடைய விரல்கள் அவ்வளவு நுட்பமானவை. "வயர் என்றாலே கை நடுங்குது மிஸ்" என்றார். யுத்தம் முடிந்தபின் ஊர் பார்க்கப் போனவரிடம், நிலத்தில் கிடக்கும் கம்பி எதையும் தொட வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். கண்ணிவெடிப் பயம். அது இன்னும் போகவில்லை. அதனால், எந்த வயருக்குள் என்ன ஓடுகிறது என்பதிலிருந்தே தொடங்கினோம்.

பழைய விளையாட்டுக் கோச்சியில் வேகத்தைக் கூட்டினால்தான் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும். டிஜிட்டல் கோச்சியில் அப்படியல்ல. கோச்சி நின்றாலும் தண்டவாளத்தில் ஏறத்தாழ 15 வோல்ற் இருந்துகொண்டே இருக்கும். அதன் திசை செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறும். அந்த மாற்றத்திலேதான் 'ஓடு', 'நில்' என்ற கட்டளை போகிறது.

எல்.ஈ.டி.யோ, பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் ஒளிகாலும் இருவாயி என்று சொல்லும் இந்தச் சின்ன விளக்கு, ஒரு திசையில்தான் எரியும். சிவப்புக்கு 2 வோல்ற் அளவு போதும். பேரன் நேரே தண்டவாளத்தில் தொடுத்த முதல் விளக்கு பளிச்சென்று மின்னிக் கருகியது.

மிச்சம் 13 வோல்ற்றைத் தாங்க ஒரு தடையி வேண்டும். 10 மில்லி அம்பியர் ஓட்டத்துக்குக் கணக்குப் பார்த்தால் 1300 ஓம். கடையில் 1500 ஓம், கால் வாற்று என்று கேட்டு வாங்கலாம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் விளக்கு நீடிக்கும். எதிர்த்திசை மின்சாரம் எல்.ஈ.டி.யைக் கெடுத்துவிடும் என்பதால், அதன் இரு கால்களுக்கும் குறுக்கே சாதாரண இருவாயி ஒன்றைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ராத்தா இதை "உள்பக்கத் துணி" என்கிறார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

என்னைக் கேட்டால், விளக்குகளுக்குத் தனியே 12 வோல்ற் நேர்மின் அடப்டர் வைப்பதே சுகம். அப்போது 1000 ஓம் தடையி போதும், குறுக்கே இருவாயி தேவையில்லை. எல்.ஈ.டி.யின் நீண்ட கால் நேர்ப்பக்கம் போக வேண்டும். அந்த வயரைத் தண்டவாளத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

15 வோல்ற் ஆளை அடிக்காது. ஆனால் சுடும். பிரிந்த ஒரு நூல்வயர் இரு தண்டவாளத்திலும் பட்டால், சில அம்பியர் ஓடி வயர் உருகும், பலகையும் பற்றலாம். ஈயம் பிடித்த ஒவ்வொரு மூட்டையும் மூடுங்கள். வயரைத் தொடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். 230 வோல்ற் வரும் அடப்டரின் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள்.