முத்துச் சிப்பி மாதிரி மதிப்பீடு

முத்துச் சிப்பி மாதிரி மதிப்பீடு என்பது, கடலடிப் பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை முன்கூட்டியே எடுத்து, அவற்றில் கிடைக்கும் முத்துகளின் விலையைக் கணக்கிட்டு, அங்கே முத்துக்குளிப்பு (சலாபம்) நடத்தலாமா என்று முடிவு செய்யும் முறையாகும். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும், அதாவது தூத்துக்குடியிலும் இலங்கையிலும், பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இம்முறை நடைமுறையில் இருந்தது. தங்கம் தேடும் நிறுவனங்கள் பாறை மாதிரிகளின் பகுப்பாய்வு முடிவை வெளியிடும்போது முதலீட்டாளர்கள் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும்.

செய்முறை

தூத்துக்குடிக்கு அப்பால், ஏறத்தாழ 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் உள்ள பாறைத் திட்டுகள் 'பார்' எனப்படும். தொலையிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. பார்களைப் பார்வையிடும் அதிகாரி முத்துக்குளிப்போரை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுப்பார். அவற்றை அழுகவிட்டு, கடல்நீரில் அலசி முத்துகளைப் பிரிப்பார்கள். பிறகு 20 துளை முதல் 1000 துளை வரை கொண்ட 10 பித்தளைச் சல்லடைகளில் சலித்து, அளவு வாரியாக வகுத்து, அனுபவமுள்ள வணிகர்களைக் கொண்டு விலை மதிப்பார்கள். முடிவு 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்' என்று அறிவிக்கப்படும்.

சலாபத்தின்போது அரசின் பங்குச் சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் வணிகருக்கு, மாதிரியின் விலையே முதல் வழிகாட்டி.

ஒரு பெரிய முத்தின் விளைவு

பெரும்பாலான சிப்பிகளில் விலைபோகும் முத்து இருப்பதில்லை. மொத்த மதிப்பின் பெரும்பகுதி ஒரு சில நல்ல முத்துகளிலேயே அடங்கிவிடும். எடுத்துக்காட்டாக, 10,000 சிப்பிகள் கொண்ட மாதிரியில் 200 ரூபாய் மதிப்புள்ள முத்துகள் கிடைத்ததாகக் கொள்வோம். ஆயிரத்துக்கு 20 ரூபாய் ஆகிறது. அவற்றுள் ஒரே ஒரு ஆணிமுத்து மட்டும் 80 ரூபாய் பெறுமானால், அதை நீக்கிய பின் மதிப்பு 12 ரூபாயாகக் குறைந்துவிடும். தங்கப் பாறை மாதிரியில் ஒரு பெரிய தங்கத் துகள் சிக்கினாலும் இதே நிலைதான். அதனால் சராசரியை மட்டும் பார்ப்பது போதாது. மாதிரி எவ்வளவு பெரியது, எத்தனை இடங்களில் எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இருப்பும் நிலைப்பும்

சிப்பியின் மதிப்பு வேறு, சிப்பிகளின் எண்ணிக்கை வேறு. இரண்டையும் பெருக்கினால்தான் பாரின் மொத்த மதிப்பு கிடைக்கும். பாறையில் உள்ள தங்கம் அசையாது. சிப்பியோ உயிருள்ளது. அது முத்துக்குளிப்புக்கு ஏற்ற பருவத்தை அடைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீரோட்டம் மணலை வாரிப் போட்டு மூடலாம். திருக்கை, கிளாத்தி போன்ற மீன்கள் தின்றுவிடலாம். இலங்கையின் பெரிய பாரில் 1880க்குப் பின் குறைந்தது 11 முறை இளஞ்சிப்பிகள் பெருகியும், ஒருமுறைகூட அவை சலாபம் வரை நிலைக்கவில்லை என்று, 1902இல் ஆய்வு செய்த வில்லியம் ஹெர்ட்மன் குறிப்பிட்டார்.

1906ஆம் ஆண்டுக் குத்தகை

இலங்கையில் 1891க்குப் பின் 1903 வரை சலாபமே நடக்கவில்லை. பிறகு தொடர்ந்து நல்ல ஆண்டுகள் வந்தன. 1905இல் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. இந்தச் சூழலில் இலண்டனில் தொடங்கப்பட்ட 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' என்ற நிறுவனம், 1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1905இன் வருவாயோடு ஒப்பிட்டால் குத்தகை மலிவு. ஆனால் 20 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் அது 62 லட்சம் ரூபாய்.

1907க்குப் பின் பார்கள் வறண்டன. அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது. குத்தகைக் காலம் முடியும் முன்பே நிறுவனம் கலைந்தது. தூத்துக்குடியிலும் 1928க்குப் பின் 1955 வரை இடைவெளி விழுந்தது. 1961க்குப் பின் அங்கும் சலாபம் நின்றது.

தங்கத்துக்கும் இதே பாடம்

பிரீ-எக்ஸ் என்ற கனடா நிறுவனம், இந்தோனேசியாவின் பூசாங் பகுதியில் பெருமளவு தங்கம் இருப்பதாக அறிவித்துப் பங்கு விலையை உயர்த்தியது. துளையிட்டு எடுத்த பாறையை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைச் சரிபார்ப்புக்காக வைத்திருப்பது வழக்கம். அங்கே முழுவதும் பொடியாக்கப்பட்டது. 1997இல் வேறொரு நிறுவனம் அருகிலேயே புதிதாகத் துளையிட்டுப் பார்த்தபோது, எடுக்கத்தக்க தங்கம் இல்லை என்பதும், மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டது என்பதும் தெரியவந்தன.

1906ஆம் ஆண்டு நிகழ்வில் எந்த மோசடியும் தேவைப்படவில்லை. நல்ல ஆண்டுகளை மட்டுமே மாதிரியாகக் கொண்டதே இழப்புக்குப் போதுமானதாக இருந்தது.

முதலீட்டாளர் கேட்க வேண்டியவை

• மாதிரியை எடுத்தவர் யார்? அவருக்கு விற்பனையில் ஆதாயம் உண்டா?
• மாதிரிகள் எத்தனை இடங்களில் எடுக்கப்பட்டன? குறைந்த மதிப்பு வந்த இடங்களும் வெளியிடப்பட்டனவா?
• மிக உயர்ந்த ஒரு முடிவை நீக்கினால் சராசரி எவ்வளவு?
• மற்றொருவர் மீண்டும் சோதிக்க மாதிரியில் ஒரு பகுதி மீதம் உள்ளதா?
• மொத்த இருப்பு எவ்வளவு? விளைச்சல் இல்லாத ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா?