காசு கொடாத பயனாளரின் மதிப்பு என்ன?

ஒரு கடைக்காரர் நூறு பேருக்குச் சரக்கு கொடுத்து, அவர்களில் ஆறேழு பேரிடம் மட்டுமே காசு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதத்தில் கடைக்குப் பூட்டு விழுந்துவிடும். ஆனால் இணையத்தின் வழியே தொலைபேசி உரையாடலை நடத்திவந்த ஸ்கைப் நிறுவனம் ஏறத்தாழ இதே கணக்கில்தான் வளர்ந்தது. 2010ஆம் ஆண்டின் முற்பாதியில் மாதந்தோறும் சராசரியாக 12 கோடியே 40 இலட்சம் பேர் அதன் மென்பொருளைப் பயன்படுத்தினர். காசு கொடுத்தவர்களோ 81 இலட்சம் பேர்தாம். நூற்றுக்கு ஆறரைப் பேர்! அடுத்த ஆண்டே மைக்ரோசாப்ட் நிறுவனம் 850 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. மற்றவர்கள் எல்லாரும் வெறும் சுமையாக இருந்திருந்தால் இந்த விலை எப்படிக் கிடைத்திருக்கும்?

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். உலகில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. இரண்டு இருந்தால் ஓர் இணைப்பு. மூன்று இருந்தால் மூன்று இணைப்புகள். பத்து இருந்தால் 45. நூறு இருந்தால் 4,950. நூறு பேரில் பத்துப் பேர் மட்டும் கட்டணம் செலுத்துகிறார்கள் என்போம். "காசு கொடாதவர்கள் வெளியேறலாம்" என்று நிறுவனத்தார் அறிவித்துவிட்டால் எஞ்சுவது 45 இணைப்புகளே. ஆள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், இணைப்பு நூற்றில் ஒரு பங்கினும் கீழே இறங்கிவிடுகிறது. கட்டணம் செலுத்தியவர் யாரோடு பேசுவதற்காக அங்கே வந்தாரோ, அவர்களில் பெரும்பாலோர் காசு கொடாதவர்கள்தாமே!

வலையமைப்பின் மதிப்பு அதிலுள்ளோர் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல வளர்கிறது என்னும் இக்கருத்தை, ஈதர்நெட்டைப் படைத்தவர்களுள் ஒருவரான ராபர்ட் மெட்காஃபின் பெயரால் மெட்காஃப் விதி என்பார்கள். விதி என்று பெயர் பெற்றாலும் இது நியூட்டனின் விதிகளைப் போன்றதன்று. எல்லா இணைப்புகளும் ஒரே மதிப்புடையவை என்று இது கொள்கிறது. நாமோ ஊரில் உள்ள எல்லாரோடும் பேசுவதில்லை. ஆகவே வளர்ச்சி வர்க்க அளவுக்குப் போகாது என்று கணித அறிஞர் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ போன்றோர் மறுத்துள்ளனர். அந்த மறுப்பே சரியெனப் படுகிறது. எனினும் ஆள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பயன் கூடுகிறது என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை.

ஸ்கைப்பில் இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸும் 2003 ஆகஸ்டில் இதைத் தொடங்கினர். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனிய நாட்டுப் பொறியாளர்கள். தொலைபேசி நிலையம் கட்ட அந்த இளம் நிறுவனத்திடம் பெரும்பணம் இல்லை. அதனால் பயனாளர்களின் கணிப்பொறிகளையே நிலையங்களாக்கிவிட்டார்கள்!

எப்படி? இரண்டு மாணவர் விடுதிகளை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து வெளியே போகத் தடையில்லை. அயலாரை மட்டும் காவலர் உள்ளே விடமாட்டார். ஒரு விடுதி மாணவன் மற்ற விடுதி மாணவனைக் காண விரும்பினால் இருவரும் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு வந்துவிடலாம் அல்லவா? வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணிப்பொறிகள் பெரும்பாலும் இப்படிக் காவலுக்குள் இருப்பவை. காவல் இல்லாத, நல்ல இணைய வேகமும் நினைவகமும் கொண்ட ஒரு கணிப்பொறியை ஸ்கைப் மென்பொருள் தானாகவே தேர்ந்து, அதைத் தேநீர்க் கடை ஆக்கியது. இதைப் பெருங்கணு என்போம். யார் எங்கே இருக்கிறார் என்ற குறிப்பேட்டைப் பெருங்கணுக்கள் வைத்திருந்தன. நேராகச் சேர முடியாத இருவரின் பேச்சை இடையிலுள்ள வேறு பயனாளரின் கணிப்பொறி வாங்கி அஞ்சல் செய்தது. பேச்சு மறைகுறியாக்கப்பட்டிருந்ததால் இடையில் இருப்பவர் கேட்க இயலாது. தம் கணிப்பொறி ஊருக்கெல்லாம் உழைப்பதைப் பலர் அறியவுமில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது உண்மைதான். அதை முழுக்கப் படித்தவர் எத்தனை பேர்?

இந்த உழைப்பின் அளவு 2010 டிசம்பர் 22 அன்று வெளிப்பட்டது. விண்டோசுக்கான ஒரு குறிப்பிட்ட பதிப்பில் இருந்த பிழையால், அப்பதிப்பு ஓடிய கணிப்பொறிகளில் ஸ்கைப் நின்றுபோகத் தொடங்கியது. பெருங்கணுக்களில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை அணைந்தன. அவற்றின் சுமை எஞ்சியவற்றின்மேல் விழுந்தது. நின்றுபோனவர்கள் எல்லாரும் மென்பொருளை மீண்டும் இயக்க முற்பட்டதும் அதனோடு சேர்ந்துகொண்டது. வழக்கத்தைப்போல் நூறு மடங்கு நெரிசல் ஏற்படவே, தம்மைக் காத்துக்கொள்ள மேலும் பல பெருங்கணுக்கள் விலகின. ஒரு மின்கம்பி அறுந்ததும் அதன் சுமை அடுத்த கம்பியில் ஏறி, மாநிலமே இருளில் மூழ்குவதைப் போன்ற நிகழ்ச்சி இது. மீள்வதற்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடித்தது. பொறியாளர்கள் ஆயிரக்கணக்கான தனிப் பெருங்கணுக்களைத் தாமே நிறுவ வேண்டியதாயிற்று. பயனாளர்கள் இலவசமாகச் செய்துவந்த வேலைக்கு அன்று நிறுவனம் தன் கையிலிருந்து செலவழித்தது.

பின்னர் கைப்பேசிகள் பெருகின. மின்கலத்தில் ஓடி, அளந்து வாங்கிய இணையத்தைப் பயன்படுத்தும் கருவியைப் பெருங்கணுவாக்க முடியாது. அது பிறரிடம் வேலை வாங்குமேயன்றித் தான் வேலை செய்யாது. 2012இல் பெருங்கணுக்களின் வேலை மைக்ரோசாப்டின் சொந்த இயந்திரங்களுக்கு மாறியது. அதே காசு கொடாத பயனாளர் இப்போது செலவுக் கணக்கில் ஏறிவிட்டார். (ஸ்கைப் சேவையே 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.)

செலவுக் கணக்கில் இருப்பவராலும் பயனுண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். கோப்புகளைச் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இலவசமாகத் தந்த 2 கிகாபைட் இடத்துக்கும் அது வாடகை கொடுத்தாக வேண்டும். தொடக்கத்தில் அது இணைய விளம்பரத்தை நாடியது. கட்டணம் செலுத்தும் ஒருவரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவாயிற்று. அவர் தரும் ஆண்டுக் கட்டணமோ 99 டாலர்! பிறகு, நண்பரை அழைத்துவந்தால் இருவருக்கும் கூடுதல் இடம் என்று அறிவித்தார்கள். விளம்பரக்காரருக்குப் போகவேண்டிய பணம் சேமிப்பு இடமாக மாறிப் பயனாளருக்கே போயிற்று. 2008 செப்டம்பரில் 1 இலட்சமாக இருந்த பதிவுகள் 2010 ஜனவரியில் 40 இலட்சமாயின. அப்போது நாள்தோறும் புதிதாகச் சேர்ந்த நூறு பேரில் 35 பேர் அந்த அழைப்பின் வழியாக வந்தவர்கள்.